மிஹ்ரான் அண்ணனின் கடற்கரை

ஜூலை மூன்றாவது சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, நெடுஞ்சாலையிலிருந்து இறங்குகிற இடத்து டோனட் கடை வாசலில் வந்து நிற்க வேண்டும் என்று சோசிக்கு உத்தரவு வந்திருந்தது. உத்தரவு போட்டவர் அவளுடைய அண்ணன் மிஹ்ரான். அவள் இருக்கிற வூஸ்டரிலிருந்து அந்தக் கடைக்கு ஒன்றரை மணி நேரம். சோசி வெள்ளிக்கிழமை பல் டாக்டர் கிளினிக்கில் வேலை முடிந்து வந்து, உடுப்பைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து, எண்பது திராட்சை இலையில் சோறு வைத்து யலாஞ்சி சுருட்டினாள். அண்ணனுக்குக் கடையில் வாங்கினது ஆகாது. இலை தடித்திருந்தாலும் ஆகாது.

அவள் புருஷன் பெர்ஜுக்கு இந்தப் பயணமே ஆகாது. அவன் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் வேலை பார்க்கிறவன். வாரம் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டு, கிடைக்கிற ஒரு சனிக்கிழமையும் தண்ணீரைப் பார்க்கப் போக வேண்டுமா என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டு வந்தான். அதைவிட அவனுக்குப் பெரிய குறை, மச்சான் தேர்ந்தெடுத்த தேதி. ஜூலை நடுவில் இரண்டு வாரம் அந்தப் பக்கத்துக் கடற்கரைகளில் பச்சைத்தலை ஈ வரும். சதுப்பு நிலத்தில் பிறக்கிற மாட்டு ஈ ஜாதி. கொசு மாதிரி குத்திவிட்டுப் போகாது. தோலைக் கடித்து எடுத்துக்கொண்டுதான் போகும். உள்ளூர்க்காரர்களே பாதிப் பேர் அந்த இரண்டு வாரமும் கடல் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். இதை பெர்ஜ் போனிலேயே சொல்லிப் பார்த்தான். கீழ்க்காற்று அடிக்கப்போகிறது, ஈ வராது, நான் இங்கே பதினெட்டு வருஷமாக இருக்கிறேன் என்று மிஹ்ரான் பேச்சை முடித்துவிட்டார்.

அவர் இல்லாமல் போகவும் வழியில்லை. கார்பின் நெக் ஊர்க் கடற்கரையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், யார் வேண்டுமானாலும் குளிக்கலாம். கார் நிறுத்த மட்டும் ஊர் அலுவலகம் கொடுக்கும் ஸ்டிக்கர் கண்ணாடியில் இருக்க வேண்டும். அது அந்த ஊரில் வீடு இருக்கிறவர்களுக்குத்தான் கிடைக்கும். ஸ்டிக்கர் இல்லாத காரை ஒரு மைல் தூரத்துக்குள் எங்கே விட்டாலும், திரும்பி வரும்போது கார் இருக்காது. க்ளாம்ஷெல் ரோட்டில் மிஹ்ரான் வீடு வாங்கியதிலிருந்து அந்த ஸ்டிக்கர் அவரிடம் இருந்தது. அதனால் கடற்கரையும் அவருடையது என்கிற மாதிரியே நடந்துகொள்வார். முப்பது வருஷம் மாநில அரசில் லிஃப்ட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் கொஞ்சம் தட்டிப் பார்த்து, குறை கண்டுபிடித்து, இப்படி இருக்கக் கூடாது என்று சொன்னால்தான் அவருக்கு மூச்சு சீராகும். எங்கே பாய் விரிக்க வேண்டும், குடையை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும், சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்துத் தண்ணீரில் இறங்கலாம் எல்லாம் அவர்தான் சொல்வார். பதினெட்டு கோடைகளில் சோசி முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. அண்ணன் பேசி முடிப்பதற்குள் பொழுது போய்விடும்.

ஏழு நாற்பதுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மிஹ்ரான் கடிகாரத்தைப் பார்த்தபடி காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எப்போதும் வீட்டுக்கு வரச் சொல்லி, ஒரு காபி கொடுத்து, அங்கிருந்துதான் கூட்டிப்போவார். இந்த வருஷம் ஏன் இங்கே என்று சோசி கேட்டதற்கு, கேரல் வீட்டைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருக்கிறாள், காலை வைத்தால் கத்துவாள் என்றார். அண்ணி கேரல் அப்படிக் கத்துகிறவள் இல்லை. சோசி அதை அப்போது பெரிதாக நினைக்கவில்லை. பின் சீட்டைப் பார்த்த எரிச்சலில் எல்லாம் மறந்துபோனது.

பின் சீட்டில் மூன்று அட்டைப்பெட்டி, ஒரு மேஜை விளக்கு, கொக்கியில் தொங்குகிற குளிர்காலக் கோட்டு இரண்டு. நடுவில் ஓர் ஆள் ஒடுங்கி உட்கார இடம்.

"இது காரா குடோனாண்ணா? நான் எங்க உக்கார்றது?"

"ஒல்லியாத்தானே இருக்க. உக்காரு" என்றார் மிஹ்ரான். பிறகு பெர்ஜின் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்து, ஐஸை அடியில் போட்டிருக்கிறாய், மேலே போட வேண்டும் என்றார். பெர்ஜ் கொண்டுவந்திருந்த குடைக்குக் காம்பு சரியில்லை என்று அதை அவர்கள் காரிலேயே விட்டுவிடச் சொன்னார். பெர்ஜ் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தின சத்தத்தில் டோனட் கடைக்குள் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சோசி மடியில் யலாஞ்சிப் பாத்திரத்தோடும், தோளில் கோட்டுக் கை வந்து விழுந்துகொண்டும், முட்டி தாடையில் இடிக்க உட்கார்ந்தாள். இருபது நிமிஷ வழி. அந்த இருபது நிமிஷமும் அண்ணன் கடல் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும் என்கிற அட்டவணையைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

கடற்கரை வாசலில் வழக்கம்போல எட்னாதான் இருந்தார். ஊர் நூலகத்தில் வெகுகாலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள். வைக்கோல் தொப்பியும், மடிப்பு நாற்காலியும், கையில் பட்டியல் செருகிய அட்டையுமாக உட்கார்ந்து, கோடை முழுக்கக் கார்களை உள்ளே விடுவார். மற்ற வருஷங்களில் மிஹ்ரானின் காரைத் தூரத்தில் பார்த்ததுமே கையை ஆட்டி உள்ளே போகச் சொல்வார். இன்றைக்கு எழுந்து வந்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்ததைக் குனிந்து பார்த்தார்.

"மிஹ்ரான், இது போன வருஷத்து ஆரஞ்சு. இந்த வருஷம் பச்சை."

"தபால்ல வந்துருச்சு எட்னா. மேஜை மேல கெடக்கு. ஒட்ட மறந்துட்டேன்."

"பரவால்ல, லிஸ்ட்ல பாத்துக்கறேன். நம்பர் சொல்லுங்க."

"உங்களுக்குத் தெரியாததா? பதினாலு, க்ளாம்ஷெல் ரோடு."

எட்னா பட்டியலில் விரலை ஓட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஜன்னலுக்கு இன்னும் கிட்டே குனிந்தார். பின்னால் இரண்டு கார் வந்து நின்றிருந்தது.

"பதினாலுல இப்ப விட்டேக்கர் குடும்பம்ல இருக்கு" என்றார் மெதுவாக. "அரை மணி முன்னாடிதான் புள்ளைங்களோட உள்ள போனாங்க. நீங்க வித்துட்டுப் போனது எனக்கு ஏப்ரல்லயே தெரியும், மிஹ்ரான். வண்டிங்க நிக்குது, இப்படியே திருப்பிக்குங்க."

மிஹ்ரான் ஒரு வார்த்தை பேசவில்லை. வாழ்நாளில் சோசி அவரை அப்படிப் பார்த்ததில்லை. ஸ்டியரிங்கை ஒடித்து, மணல் தெறிக்க வண்டியைத் திருப்பி, வந்த வழியே ஓட்டினார். பெர்ஜ் திரும்பிச் சோசியைப் பார்த்தான். சோசி பாத்திரத்து மூடியைப் பிடித்துக்கொண்டு அண்ணனின் பிடரியைப் பார்த்தாள்.

ஐந்து நிமிஷம் கழித்து அவரே பேசினார். வீட்டைப் பற்றி இல்லை. வடக்கே ஆறு மைலில் இன்னொரு கடற்கரை இருக்கிறதாம், இதைவிட நல்ல மணலாம். அங்கே போனார்கள், வாசலில் இடமில்லை என்று பலகை தொங்கியது. அங்கிருந்து ஒரு மீன்பிடித் துறைக்குப் பின்னால் தனக்கு மட்டும் தெரிந்த இடம் என்று ஒரு சந்துக்குள் விட்டார். அங்கே யாரோ புதிதாகச் சங்கிலி போட்டிருந்தார்கள். மூன்றாவது இடத்தில் இந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. மணி ஒன்பதரை. வெயில் ஏறிவிட்டது. காரில் ஏசி வேலை செய்யவில்லை, அதற்கும் ஏதோ காரணம் சொன்னார். சோசிக்கு ஒரு கால் மரத்துப்போயிற்று. யலாஞ்சியின் எண்ணெய் மூடி விளிம்பில் கசிந்து அவள் உடுப்பில் இறங்கியது.

நாலாவதாக எங்கேயோ போகலாம் என்று அவர் சொல்லும்போது பெர்ஜ் வெடித்தான். வீடு போயிற்றா இல்லையா, அதை முதலில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் என்னை இங்கேயே இறக்கிவிடுங்கள், நடந்தே வூஸ்டர் போய்ச் சேர்கிறேன் என்றான். அதற்கு மிஹ்ரான் அடுத்த வளைவில் இடதுபக்கம் திரும்பினால் போக்குவரத்து குறைவாக இருக்கும் என்று பதில் சொன்னார்.

"வண்டிய நிறுத்து" என்றாள் சோசி.

"இங்க நிறுத்தக் கூடாதும்மா, மஞ்சக்கோடு..."

"அண்ணா. நிறுத்து."

ஒரு இரும்புச் சாமான் கடையின் முற்றத்தில் நிறுத்தினார். சோசி அட்டைப்பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு இறங்கி, மரத்த காலை உதறி, பாத்திரத்தைக் கார் மேல் வைத்துவிட்டு வந்து அவர் பக்கத்து ஜன்னலில் நின்றாள். அவர் நேரே கடை வாசலில் அடுக்கியிருந்த உர மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கேரல் அவரை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. சண்டை ஒன்றும் இல்லை. உன்னோடு பேசிப் பேசி நான் களைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் தன் தங்கை வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. மார்ச்சில் வீட்டை விற்றுப் பாதிப் பாதி எடுத்துக்கொண்டார்கள். அவர் இப்போது கடற்கரையிலிருந்து பன்னிரண்டு மைல் உள்ளே தள்ளி, ஒரு துணி வெளுக்கிற கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறார். அறையில் கொள்ளாததுதான் காரில் இருக்கிறது. ஈ வருகிற வாரத்தில் வாசலில் அவ்வளவு கெடுபிடி இருக்காது என்று நினைத்துத்தான் இந்தத் தேதியைப் பிடித்தார்.

"ஒரு வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன ஆயிருக்கும்?"

"என்ன ஆயிருக்குமா? வந்து பாத்திருப்போம்ல."

மிஹ்ரான் அப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஈஸ்டருக்கு வந்தியா? கிறிஸ்துமஸுக்கு வந்தியா? வருஷத்துல ஒரு நாள் வர்ற, அதுவும் பீச்சுக்கு. அந்த ஸ்டிக்கரும் இல்லன்னா என்னைப் பாக்க எவன் வருவான்?"

சோசிக்குக் கோபம் தலைக்கேறியது. நீ மட்டும் வூஸ்டருக்கு எத்தனை தடவை வந்தாய், அப்பா வருஷ நினைவுக்குக்கூட வண்டி சரியில்லை என்று சொன்னவன்தானே என்று கேட்டாள். கேட்கும்போதே அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதும் உறைத்தது. அது உறைத்ததால் இன்னும் சத்தமாகக் கேட்டாள். இரும்புக் கடைக்காரர் வெளியே வந்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று விசாரித்தார். பெர்ஜ் அவரிடம், ஒன்றுமில்லை, குடும்ப விஷயம் என்று சொல்லி உள்ளே அனுப்பினான்.

பெர்ஜ் இறங்கி வந்து, கார் மேல் இருந்த பாத்திரத்து மூடியைத் தூக்கி ஒரு யலாஞ்சியை எடுத்துத் தின்றான். வீட்டுக்குப் போகலாம் என்று அவன் சொல்லப்போகிறான் என்று சோசிக்குத் தெரிந்தது. அவன் வாயில் சோறு இருக்கும்போதே முந்திக்கொண்டாள்.

"கடலுக்குப் போறோம். கார்பின் நெக்குக்கே போறோம். நடந்து போறவன்கிட்ட யாரும் ஸ்டிக்கர் கேக்க மாட்டாங்க."

அந்த அம்மாள் முகத்தில் எப்படி முழிப்பது என்றார் மிஹ்ரான். என் முகத்தில் முழிக்கிறாய் அல்லவா, அது மாதிரிதான் என்றாள் சோசி.

கார்பின் நெக் ரயில் நிலையத்துக்குத் திரும்பி வந்தார்கள். சனி ஞாயிறு அங்கே யார் வேண்டுமானாலும் வண்டி விடலாம். அங்கிருந்து கடற்கரை ஒன்றே முக்கால் மைல், நிழலே இல்லாத சதுப்பு நிலத்துச் சாலை. மிஹ்ரான் இரண்டு நாற்காலி, குடை, மணல் அள்ளும் மண்வெட்டி, ஒரு சிறு மேஜை எல்லாவற்றையும் இறக்கினார். சோசி அத்தனையையும் திரும்ப உள்ளே வைத்தாள். துண்டும், தண்ணீரும், சாப்பாடும் போதும் என்றாள். குடை இல்லாமல் எப்படி என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு நடக்கிற வழியெல்லாம், சாலையின் இந்த ஓரமாக நடக்க வேண்டும், எதிரே வருகிற வண்டி தெரிகிற மாதிரி, என்று மட்டும் நாலு தடவை சொன்னார்.

வாசலை நெருங்கியதும் மிஹ்ரானின் நடை தளர்ந்தது. பெர்ஜ் ஐஸ் பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியை அவர் கையில் கொடுத்து, பிடிங்க மச்சான், கனக்குது என்றான். இருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எட்னாவைக் கடந்தார்கள். எட்னா தொப்பியை நிமிர்த்திப் பார்த்தார்.

"தண்ணி ஜில்லுனு இருக்கு, மிஹ்ரான். வடக்கு மூலைக்குப் போகாதீங்க, அங்க ஈ சாஸ்தி" என்றார். அவ்வளவுதான்.

மணலில் கால் வைத்ததும் மிஹ்ரானுக்குப் பழைய குரல் வந்துவிட்டது. தெற்குப் பக்கம், உயிர்காப்பாளர் நாற்காலிக்கு இடதுபுறம், பாறையிலிருந்து பத்தடி தள்ளி. அங்கேதான் துண்டு விரிக்க வேண்டும். காற்று இப்படித் திரும்பியிருக்கிறது, ஆகவே ஈ வராது என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோதே அந்தக் கையில் ஓர் ஈ உட்கார்ந்தது. அடுத்தது சோசியின் கெண்டைக்காலில். அவள் அடித்ததில் ஈ செத்தது. அதற்குள் ரத்தம் வந்துவிட்டது. மூன்றாவது, நாலாவது என்று எண்ண நேரமில்லை. பெர்ஜ் துண்டைச் சுழற்றிக்கொண்டு குதித்தான். ஒன்றே முக்கால் மைல் நடந்து வந்த சோசிக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து நடந்த அத்தனையும் போதாதென்று இது வேறு.

"கடலுக்குள்ள போங்க" என்று கத்தினார் மிஹ்ரான். "கழுத்து வரைக்கும். தண்ணிக்குள்ள கடிக்காது."

அன்றைக்கு அவர் சொன்னதில் உருப்படியான ஒரே யோசனை அதுதான். மூன்று பேரும் ஓடினார்கள். வயிறு முதுகோடு போய் ஒட்டிக்கொள்ளும் குளிர். சோசி உடுப்போடேயே இறங்கி, இடுப்பு, மார்பு, கழுத்து என்று போய்க்கொண்டே இருந்தாள். மூச்சு நின்று திரும்பி வந்தது. மூன்று தலைகள் மட்டும் வெளியே தெரிய நின்றார்கள். தலையில் ஈ உட்காரும்போது முங்கி எழுந்தார்கள்.

வெளியே வந்தால் ஈ, உள்ளே இருந்தால் குளிர். வேறு வழியில்லாமல் பேசினார்கள். கேரல் போன அன்று அவருக்கு இரண்டு நாள் விளங்கவே இல்லையாம். சாமான் வாங்கப் போயிருக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம். வெளுக்கிற கடையின் இயந்திரங்கள் ஓடினால் அறையில் கட்டில் ஆடுமாம். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. அன்றைக்கு ஆடாமல் இருப்பதால் தூக்கம் வருவதில்லையாம். இதையெல்லாம் ஏதோ பழுதான லிஃப்டைப் பற்றி அறிக்கை கொடுக்கிற மாதிரிதான் சொன்னார். சோசிக்குப் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன.

அப்போதுதான் பெர்ஜ், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், அதைச் சொன்னான்.

"நம்ம வீட்டுக் கீழ்தளம் மே மாசத்துலேர்ந்து காலியாத்தான் கெடக்கு. வந்து இருங்க மச்சான்."

சோசி தண்ணீருக்கடியில் அவனை ஓங்கி உதைத்தாள். அவர்களுடைய மூன்று அடுக்கு வீட்டில் அவர்கள் இருப்பது நடு மாடி, மற்ற இரண்டும் வாடகைக்கு. கீழே இருந்த குடும்பம் காலி செய்த பிறகு இரண்டு மாதமாக வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும். கிளினிக்கில் வேலை பார்க்கிற ஒரு அமைதியான பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்து வைத்திருந்தாள். வருஷம் முழுக்க, தினம் தினம், கீழேயிருந்து அண்ணன் குரல் வரப்போகிறது. இத்தனை வருஷமாக மச்சானை வாய்க்கு வாய் திட்டிக்கொண்டிருந்த மனுஷன், முதல் தடவையாகத் தாராளம் காட்டுவதற்கு அவளுடைய நிம்மதிதான் கிடைத்ததா?

மிஹ்ரான் சோசியையே பார்த்துக்கொண்டு நின்றார். தலைமயிர் நெற்றியில் ஒட்டி, காதில் ஒரு கடி வீங்கி, உதடு நீலம் பாய்ந்து, அறுபத்து மூன்று வயசு.

"வா" என்றாள் சோசி. "ஆனா மாடிக்கு வர்றதுன்னா கதவத் தட்டிட்டுத்தான் வரணும்."

"ஃப்யூஸ் பெட்டி எங்க இருக்கு, மாப்ள? பழைய மாதிரியா, மாத்திட்டீங்களா?" என்று கேட்டார் மிஹ்ரான்.

அவர் செப்டம்பர் முதல் வாரத்தில் வந்தார். வந்த பத்து நாளைக்குள் மாடிப்படிக் கைப்பிடியை இறுக்கினார். மேல்மாடிக்காரரின் சைக்கிளை வழியிலிருந்து நகர்த்தி வைத்து அவரோடு சண்டை போட்டார். குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று எழுதிப் பின்கதவில் ஒட்டினார். கதவைத் தட்டத்தான் செய்தார். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை தட்டினார். அண்ணனை எப்போது அனுப்பப்போகிறாய் என்று சோசி பெர்ஜிடம் கேட்டதற்கு, உன் அண்ணன்தானே என்றான்.

அக்டோபரில் ஒரு நாள் அவள் வேலை முடிந்து தலைவலியோடு வரும்போது, இரண்டு பேரும் படிக்கட்டில் நின்று, பனிக்காலத்தில் வாசல் வழுக்காமல் தூவுகிற உப்பு மூட்டையை இப்போதே வாங்குவதா நவம்பரில் வாங்குவதா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவளையும் கருத்துக் கேட்டார்கள். அவள் இருவருக்கும் நடுவே புகுந்து மேலே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். தரை வழியாகக் குரல் வந்துகொண்டே இருந்தது. டிவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினாள். அரை மணி கழித்து, கீழே திடீரென்று பேச்சு நின்றது. சோசி கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தாள். பிறகு, என்ன ஆச்சோ என்று முணுமுணுத்துக்கொண்டே, செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள்.